கல்வி உளவியலில் முனைவராக என்ன வேண்டும்?

வகுப்பில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை, பாடத்தை வாசிக்கச் சொன்னால் திணறுவது ஏன்? கணக்குப் பரீட்சை என்றாலே சிலருக்குக் கை நடுங்குவது எதனால்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு முறையாக விடை தேடும் துறை கல்வி உளவியல். இதில் பிஎச்.டி. செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு, எந்தத் துறையில் விண்ணப்பிப்பது என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது.

இந்தியாவில் இரண்டு வழிகள் உண்டு. கல்வியியல் துறையில் சேர பெரும்பாலும் எம்.எட். கேட்பார்கள், உளவியல் துறையில் சேர உளவியல் முதுகலைப் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பிறகு நெட் அல்லது பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, அடுத்து நேர்காணல். இளநிலை ஆய்வு நிதிநல்கை (ஜே.ஆர்.எஃப்.) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும்.

பணியில் இருப்பவர்கள் வேலையை விட வேண்டியதில்லை. நிர்வாகத்திடம் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதி நேரமாகவும் செய்யலாம். படிப்புக் காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்க முடியும். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சலுகை உண்டு. குடும்பத்தையும் ஆய்வையும் சேர்த்துச் சுமக்கும் பெண்களுக்கு இது நியாயமான ஏற்பாடு.

இவையெல்லாம் காகிதத்தில் இருக்கும் தகுதிகள். ஆய்வாளரை உண்மையில் சோதிப்பது, குழந்தைகளின் திறனை அளக்கும் அளவுகோல். 1905-இல் பிரான்சில் ஆல்ஃபிரெட் பினே உருவாக்கிய நுண்ணறிவுச் சோதனையை அப்படியே நம் பிள்ளைகளிடம் நீட்ட முடியவில்லை, இந்திய ஆய்வாளர் வி.வி.காமத் அதைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருந்தது. வாசிப்புத் திணறலை ஆராய்பவருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்; தமிழில் 247. ஒரே ‘க’ சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறு வேறாக ஒலிக்கும். ஆங்கிலக் குழந்தைக்காகச் செய்த வாசிப்புச் சோதனையை மொழிபெயர்த்துக் கொடுத்தால் தமிழ்க் குழந்தையின் சிரமம் அதில் பிடிபடாது. தமிழ் எழுத்து முறையிலிருந்தே சோதனையைக் கட்ட வேண்டும். சிறு குழுவிடம் முன்னோட்டம் பார்த்து, நம்பகத்தன்மையைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். புள்ளியியலுக்கு அஞ்சுகிறவர்கள் பதிவுக்கு முன்பே அதைக் கற்றுக்கொள்வது நல்லது. நெறியாளரைத் தேடும்போதும் அவர் இத்தகைய கருவிகளைக் கையாண்டவரா என்று பார்ப்பது, அவருடைய பெயர்ப் புகழைப் பார்ப்பதைவிட முக்கியம்.

ஆய்வுக்கு உட்படுபவர்கள் குழந்தைகள். அதனால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பெற்றோரின் சம்மதம், பள்ளியின் அனுமதி எல்லாம் தேவை. தேர்வுக் காலத்தில் எந்தப் பள்ளியும் வெளியாளுக்கு வகுப்பை விட்டுத்தராது. தரவு திரட்டும் மாதங்களைக் கல்வியாண்டைப் பார்த்தே திட்டமிட வேண்டும்.

ஆய்வேடு கருத்துத் திருட்டுச் சோதனையைத் தாண்டி, குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களிடம் போகும். இறுதியில் வாய்மொழித் தேர்வு.

பட்டம் பெற்றபின் கல்லூரி ஆசிரியப் பணி, ஆய்வு, பாடத்திட்ட உருவாக்கம் என்று பல வாய்ப்புகள் உண்டு. ஆனால் மருத்துவ உளவியலாளராகச் சிகிச்சை அளிக்க இந்தப் பட்டம் போதாது. அதற்குத் தனிப் பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்.