ஆறா, பதினொன்றா?

பொட்டிபுரத்தில் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு எழுத்தெண்ணும் பயிற்சி கொடுத்தேன். ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டோம். பொ, ட், டி, பு, ர, ம் என விரல்விட்டு எண்ணிய ஒரு மாணவி, ஆறு என்று எழுதினாள். பிறகு கணினியில் எக்செல் தாளில் ‘லென்’ சூத்திரத்தை இட்டுப் பார்த்தாள். பதினொன்று என்று வந்தது. “நான் தப்பா எண்ணிட்டேனா சார்?” என்றபடி சரியான விடையை அழித்துவிட்டாள். அந்த நேரத்தில் எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

காரணம் இதுதான். கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுப் பட்டியல் யூனிகோடு. அதில் தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் உள்ள இடங்கள் 128. நம் 247 எழுத்துகளும் அதில் அடங்கா. எனவே உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், துணைக்குறிகள், புள்ளி, ஆய்தம் ஆகியவற்றுக்கே எண் உண்டு. ‘ட்’ என்றால் ட, புள்ளி என இரண்டு எண்கள். ‘டி’ என்றாலும் இரண்டு. பொட்டிபுரத்தில் ‘ர’ மட்டும் ஒன்று. மற்ற ஐந்தும் இரண்டிரண்டு. மொத்தம் பதினொன்று.

நாம் ட் + அ = ட என்று கற்பிக்கிறோம். கணினியோ ‘ட’வில் தொடங்கிப் புள்ளி வைத்து ‘ட்’ ஆக்குகிறது.

கொரிய எழுத்தும் நம்முடையதைப் போல மெய்யும் உயிரும் கூடி அமைவதே. முதல் மெய் 19, உயிர் 21, இறுதி மெய் 27. இறுதி மெய் இல்லாத நிலையையும் சேர்த்தால் 28. பெருக்கினால் 11,172. 1996இல் வந்த யூனிகோடு 2.0 அத்தனை அசைகளுக்கும் வரிசையாகத் தனித்தனி எண் கொடுத்தது. தமிழிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ‘டேஸ் 16’ முறையை 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்றது. ஆயினும் அன்றாடப் புழக்கத்தில் இருப்பது யூனிகோடுதான்.

ஆசிரியர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. ‘பொ’வை ப, ொ என்றும் சேமிக்கலாம், ப, ெ, ா என்றும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. சில மென்பொருள்களுக்கு வேறு வேறு. பொன்னியின் பெயர் பட்டியலில் தேடியும் கிடைக்காவிட்டால், விடுபட்டது என முடிவுசெய்யும் முன் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

மறுநாள் ஒவ்வொருவரும் தம் பெயரை இரு வகையிலும் எண்ணினார்கள். இலக்கணம் எண்ணுவது எழுத்தை, கணினி எண்ணுவது குறியீட்டை என்று அவர்களே சொன்னார்கள். அந்த மாணவி தன் ஏட்டில் மீண்டும் ‘ஆறு’ என்று எழுதினாள்.