ரெஸ்பெக்ட் (பாடல்)

"ரெஸ்பெக்ட்" (பொருள்: மரியாதை) என்பது அமெரிக்க சோல் இசைப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் எழுதி, 1965ஆம் ஆண்டு வெளியிட்ட பாடல் ஆகும். 1967ஆம் ஆண்டு அரீத்தா பிராங்கிளின் இதை மாற்றிப் பாடி வெளியிட்ட பின்னரே இது உலகப் புகழ் பெற்றது. ஒருவர் எழுதிய பாடல் இன்னொருவரின் குரலில் வேறு பொருள் பெறுவதற்கு இப்பாடல் சிறந்த எடுத்துக்காட்டாகும். அவ்வாறு புதுப்பொருள் தந்த பாடகருக்குச் சட்டம் என்ன உரிமை தருகிறது என்ற கேள்வியையும் இது எழுப்பியது.

இசை வகை

1940களில் கறுப்பின மக்களிடையே விற்பனையான இசைத்தட்டுகளை அமெரிக்க இசைத் துறையினர் "இன இசைத்தட்டுகள்" என்றே அழைத்து வந்தனர். 1949இல் பில்போர்ட் இதழ் அப்பெயரைக் கைவிட்டு "ரிதம் அண்ட் புளூஸ்" என்ற பெயரை ஏற்றது. அப்பெயரைப் பரிந்துரைத்தவர் அவ்விதழில் பணியாற்றிய ஜெர்ரி வெக்ஸ்லர். பின்னர் அட்லாண்டிக் நிறுவனத்தில் தயாரிப்பாளராகச் சேர்ந்து, அரீத்தாவின் "ரெஸ்பெக்ட்" பதிவைத் தயாரித்தவரும் இவரே. ரிதம் அண்ட் புளூஸுடன் கறுப்பினத் திருச்சபைகளின் காஸ்பெல் பாடல்முறை கலந்து வளர்ந்ததே சோல் இசை ஆகும்.

ரெட்டிங்கின் பதிவு

ரெட்டிங் இப்பாடலை மெம்பிஸ் நகரில் உள்ள ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தார். உழைத்துச் சம்பாதித்துப் பணம் கொண்டுவரும் ஆண், வீடு திரும்பும்போது தனக்கு மரியாதை வேண்டும் எனத் தன் துணைவியிடம் கேட்பதாக இப்பாடல் அமைந்துள்ளது. பித்தளைக் காற்றுக்கருவிகளின் வேகமான தாக்கம் இப்பதிவின் சிறப்பு. இது பில்போர்டின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள்ளும், பொதுப் பட்டியலான ஹாட் 100இல் 35ஆம் இடத்தையும் பெற்றது.

அரீத்தாவின் பதிவு

அரீத்தா 1967 பெப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் இப்பாடலைப் பதிவு செய்தார். பியானோவையும் அவரே வாசித்தார். அவருடைய தங்கை கரோலினும் அக்கா எர்மாவும் பின்னணிக் குரல் கொடுத்தனர். இப்பதிவில் பல மாற்றங்கள் செய்யப்பட்டன:

- பேசுபவர் பெண்ணாக மாறினார். தனக்கும் பணம் இருக்கிறது, தான் தவறு செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டு அவர் மரியாதை கேட்கிறார். ஆகவே இது கெஞ்சலாக அன்றி உரிமைக் கோரிக்கையாக ஒலிக்கிறது.
- பாடலின் தலைப்புச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக உச்சரிக்கும் பகுதி சேர்க்கப்பட்டது. இசைக்கருவிகள் நின்று நின்று ஒலிக்க, எழுத்துகள் தனித்துக் கேட்கின்றன. இன்று பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கும் இப்பகுதி ரெட்டிங்கின் பதிவில் கிடையாது.
- தலைவியின் வரிகளுக்குப் பின்னணிக் குரல்கள் உடனுக்குடன் மறுமொழி தருகின்றன. திருச்சபையில் போதகரும் சபையாரும் மாறி மாறிக் குரல் கொடுக்கும் முறையிலிருந்து வந்தது இது. அரீத்தா டெட்ராய்ட் நகரப் போதகர் சி. எல். பிராங்கிளினின் மகள் ஆவார்.
- நடுவில் கிங் கர்ட்டிஸ் வாசித்த சாக்சபோன் பகுதி இணைக்கப்பட்டது.

வரவேற்பு

1967 ஜூன் மாதத்தில் இப்பாடல் ஹாட் 100 பட்டியலில் இரண்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் எட்டு வாரங்கள் முதலிடம் வகித்தது. 1968இல் அரீத்தாவுக்கு இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றுத் தந்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2021இல் வெளியிட்ட, எக்காலத்துக்குமான 500 சிறந்த பாடல்களின் பட்டியலில் முதலிடம் பெற்றது.

சமூகப் பொருள்

இன ஒதுக்கலைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறிய பின்னும் கறுப்பின மக்கள் அன்றாட வாழ்வில் அவமதிப்பைச் சந்தித்து வந்தனர். பெண்கள் சம உரிமை கேட்டு அமைப்பாகத் திரண்ட காலமும் அதுவே. பாடலில் இனம் பற்றியோ அரசியல் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. எனினும் கறுப்பினப் பெண் ஒருவர் மரியாதையைத் தன் உரிமையாகக் கேட்டது இவ்விரு இயக்கத்தினரையும் ஈர்த்தது. வீட்டுச் சண்டையைப் பற்றிய பாடல் இவ்வாறு உரிமைக் குரலாக மாறியது.

உரிமைத்தொகைச் சிக்கல்

அமெரிக்காவில் வழக்கமான வானொலியில் ஒரு பாடல் ஒலிக்கும்போது, பாடலை எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் மட்டுமே உரிமைத்தொகை கிடைக்கும், பாடியவருக்குக் கிடைக்காது. ரெட்டிங் 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தார். அதன் பின்னும் எழுத்தாளருக்குரிய பங்கு அவர் தரப்புக்கே உரியதாயிற்று. பாடலை மாற்றி முதலிடத்துக்குக் கொண்டுசென்ற அரீத்தாவுக்கு வானொலி ஒலிபரப்பினால் எத்தொகையும் வரவில்லை.

1972க்கு முற்பட்ட ஒலிப்பதிவுகளுக்கு இணைய வானொலிகள் தொகை செலுத்த வழிசெய்த சட்டம் 2018 அக்டோபரில் நிறைவேறியது. அரீத்தா அதற்கு இரு மாதங்கள் முன்பு, ஆகஸ்ட் 16 அன்று காலமாகியிருந்தார். வழக்கமான வானொலிக்கான விதியை அச்சட்டம் மாற்றவில்லை.