கதை திரட்டியவர்கள் – 6: அரசரின் செயலாளர் கேட்ட கதைகள்

கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்னவர்களில் பலர் காஸல் நகரத்துப் படித்த குடும்பங்களின் பெண்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். 1812-இல் வந்த முதல் பதிப்பு, 1857-இல் ஏழாம் பதிப்பாக வளர்வதற்குள் தம்பி வில்ஹெல்ம் அதை இழைத்து இழைத்து மெருகேற்றிவிட்டார். ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்த பெற்ற தாய் மாற்றாந்தாயாக மாறியது அப்படித்தான்.

அதே 1857-இல் பவேரியாவிலிருந்து இன்னொரு நூலின் முதல் தொகுதி வந்தது. ஓபர்ஃபால்ஸ் என்ற வட்டாரத்தின் வழக்கங்களும் கதைகளும் அடங்கிய நூல். எழுதியவர் ஃபிரான்ஸ் ஷோன்வெர்த். வாங்கத்தான் ஆளில்லை.

ஷோன்வெர்த் பிறந்தது 1810-இல், அந்த வட்டாரத்தின் ஆம்பெர்க் நகரில். அப்பா ஓவிய ஆசிரியர். மகன் மியூனிக் போய் முதலில் கட்டடக்கலை படித்தார், பிறகு சட்டத்துக்கு மாறி அரசுப் பணியில் சேர்ந்தார். 1845-இல் பட்டத்து இளவரசர் மாக்சிமிலியனின் செயலாளரானார். மூன்றே ஆண்டில் புரட்சி வெடித்தது. நடனக்காரி லோலா மான்டெஸ் விவகாரத்தில் ஏற்கெனவே பெயர் கெட்டிருந்த மன்னர் லுட்விக் முடி துறந்தார். இளவரசர் மன்னரானார், செயலாளரின் செல்வாக்கும் உயர்ந்தது. பின்னாளில் நிதி அமைச்சகத்தில் பெரிய பதவி, 1859-இல் பிரபுப் பட்டம்.

இப்படிப்பட்ட மனிதர் 1850-களில் யாரைத் தேடிப் போனார் தெரியுமா? பிழைப்புக்காக ஓபர்ஃபால்ஸிலிருந்து மியூனிக் வந்து வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண்களை. பொஹீமியா எல்லையை ஒட்டிய காடும் கல்லுமான ஏழை வட்டாரம் அது. படித்தவர்கள் திரும்பிப் பார்க்காத ஊர்ப்பக்கம். ஆனால் ஷோன்வெர்த்துக்கு அது சொந்த மண், அந்தப் பேச்சுமொழி அவர் காதுக்குப் பழகியது. பெண் எடுத்ததும் அங்கேதான். மாமனார் மிக்கேல் ராத், நொய்யென்ஹாமர் என்ற சிற்றூரில் இரும்புப் பட்டறை நடத்தியவர், மருமகனுக்கு ஏராளமாகக் கதை சொன்னார். 1860, 1861 ஆண்டுகளில் ஷோன்வெர்த் தாமே ஊர் ஊராகப் போய் மேலும் திரட்டினார்.

கல்யாணம், பிரசவம், சாவு, மாட்டுக்கொட்டில், வயல், காற்று, தண்ணீர் என்று எதையும் அவர் விடவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதினார், அழகுபடுத்தவில்லை. 1859-க்குள் மூன்று தொகுதிகள் வந்துவிட்டன. யாக்கோப் கிரிம் மனம் திறந்து பாராட்டினார். தமக்குப் பின் இந்தப் பணியைச் செய்யத் தகுந்தவர் இவர் ஒருவரே என்று மன்னரிடமே சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. ஆனால் கிரிம்மின் பாராட்டு நூலை விற்றுத் தரவில்லை. தேவதைக் கதைகளில் பெரும்பகுதி அச்சேறாமலே கிடக்க, 1886-இல் ஷோன்வெர்த் மியூனிக்கில் காலமானார்.

கையெழுத்துத் தாள்கள் ரெகன்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் சிலர் அவற்றைப் புரட்டியதுண்டு, பொது வாசகருக்குத் தெரியாது. எரிகா ஐஷன்ஸேயர் என்ற பெண்மணி அந்தத் தாள்களுக்குள் மூழ்கி, ஏறக்குறைய 500 கதைகள் இருப்பதைக் கண்டார். அவற்றில் தேர்ந்தெடுத்து 2010-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். சாணி உருட்டும் வண்டாக வரும் இளவரசனின் பெயரே அந்த நூலுக்குத் தலைப்பு. 2012-இல் உலகப் பத்திரிகைகள் இதைப் பெரிய செய்தியாக்கின. 2015-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது.

கதைகள் எப்படி இருக்கின்றன? ஒரு பெண் சூனியக்காரியிடமிருந்து தப்பக் குளமாக மாறிவிடுகிறாள். சூனியக்காரி குப்புறப் படுத்துக் குளத்தையே குடித்துத் தீர்க்கிறாள். உள்ளே போன பெண் கத்தியால் அவள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறாள். அவ்வளவுதான் கதை! இன்னொன்றில் துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கி டர்னிப் கிழங்கின் அடியில் வைத்தால் அழகான மனைவி கிடைப்பாள் என்று இளவரசனுக்கு ஒரு கரடி யோசனை சொல்கிறது. ஏன் ஆணி, ஏன் கிழங்கு? யாரும் விளக்குவதில்லை. சாபத்தில் சிக்கி மீட்புக்குக் காத்திருப்பது பெண்களின் தலைவிதி மட்டுமல்ல. இங்கே ஆண்களும் காத்திருக்கிறார்கள், பெண்கள் போய்க் காப்பாற்றுகிறார்கள்.

வர்ணனை இல்லை, நீதி இல்லை, சில கதைகள் திடுதிப்பென்று முடிந்துவிடுகின்றன. குழந்தைகளுக்குப் படித்துக் காட்ட கிரிம்தான் தோது, அதில் சந்தேகமில்லை. அன்றைய வாசகர் ஷோன்வெர்த்தை ஒதுக்கியதிலும் வியப்பில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில், வேலை முடிந்த நேரத்தில், ஒரு கதை எந்த வேகத்தில், எந்தக் கோணலோடு சொல்லப்பட்டது என்று அறிய வேண்டுமானால், வில்ஹெல்ம் கிரிம்மைவிட இந்த நிதி அமைச்சக அதிகாரியே நம்பத்தகுந்த சாட்சி.

அப்படியானால் கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்ன சாமானியர் ஒருவரும் இல்லையா? ஒருவர் இருந்தார், டோரோதேயா ஃபீமன். அசல் ஜெர்மன் குடியானவப் பெண் என்று அவர்கள் கொண்டாடிய அந்த அம்மாள் சத்திரக்காரரின் மகள், தையல்காரரின் மனைவி. முன்னோர்களோ பிரான்ஸிலிருந்து ஓடி வந்த அகதிகள். அவர் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)