முட்டை முதல், குழை செலவு

ஊர்காவற்றுறையில் என் கடைக்கு வழமையாகத் தங்கூசியும் தூண்டில் முள்ளும் வாங்க வரும் தம்பி ஒருவர், போன மாதம் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். டொரொன்டோவிலிருந்து லீவில் வந்த மச்சான் கொடுத்ததாம். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் கடலை அளவு நூல் உருண்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முள்.

"நானா, இதில் என்ன மீன் படும்?"

"சமன்" என்றேன். சிரித்தார். நாம் சமன் டின் என்று வாங்குவது பெரும்பாலும் கும்பளா இனம். அசல் சமன் குளிர்நாட்டு மீன். முட்டையிட ஆற்றில் ஏறும். ஒன்டாரியோ ஏரியிலிருந்து கிரெடிட் ஆற்றுக்குள் செப்டம்பர், ஒக்டோபரில் ஏறுகிறது. பெண்மீன் வாலால் பரலைக் கிளறிக் குழி செய்து, முட்டையிட்டு மூடும். மூடுபடாமல் உருண்டோடும் முட்டைகளுக்காகக் கீழே ட்ரவுட் மீன் காத்திருக்கும். ஆங்கிலேயர் 1880களில் நுவரெலியாவுக்குக் கொண்டுவந்ததும் ட்ரவுட்தான்.

அந்த முட்டையின் போலிதான் இந்த உருண்டை. 'முட்டை ஃப்ளை' என்பார்கள். தண்டு கட்டையான முள்ளின் மேல் பஞ்சு போன்ற செயற்கை நூல்களை வைத்து, உறுதியான இழையால் மூன்று நான்கு சுற்று இறுக்க வேண்டும். பிறகு நூலையெல்லாம் மேலே இழுத்துப் பிடித்து, கூரான கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. கையை விட்டதும் விரிந்து உருண்டையாகிவிடும். சின்ன ஈயக்குண்டு சேர்த்து, ஆற்றின் அடியில் நீரோட்டத்தின் வேகத்திலேயே போகவிட வேண்டும். இழுத்தால் மீன் நம்பாது, முட்டை நீந்தாதல்லவா! கவ்விய மீன் பொய்யென்று கண்டதும் துப்பிவிடும். அதற்குள் சுண்ட வேண்டும்.

நமது கடலுக்கு இது உதவாது. ஆனால் வாசகர்களே, இதில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. அசல் முட்டையையே இரையாகக் கோர்ப்பவர்களும் அங்கே உண்டு. அதற்குத் தாய்மீனின் வயிற்றைக் கீற வேண்டும். நூல் முட்டைக்கோ கொஞ்சம் நூலும் கைவேலையும் போதும். முதலில் கை வைக்கத் தேவையில்லை.

நம் பக்கம் என்ன நடக்கிறது? கணவாய் முட்டை ஒட்ட இடம் தேடி வரும் என்று தெரிந்து கூட்டுக்குள் குழை கட்டுகிறோம். தாயும் அகப்படுகிறது, குழையில் குலைகுலையாக ஒட்டிய முட்டைகளும் கரையில் எறிபட்டு வெயிலில் காய்கின்றன. முதலை விற்றுவிட்டு அதை லாபம் என்று எழுதும் கடை எத்தனை வருடம் ஓடும்?

தம்பியிடம் சொன்னேன்: "கூட்டைத் தூக்கும்போது முட்டை ஒட்டிய குழையைக் கழற்றிக் கடலிலேயே விட்டுவிடும்."

"ஒவ்வொரு முறையும் புதுக்குழை வெட்ட வேணுமே, நானா?"

"வெட்டும். குழை செலவு, முட்டை முதல்."

இதில் என் சுயநலமும் உண்டு. அவருடைய பெயர் என் கடன் கொப்பியில் இருக்கிறது. கணவாய் இல்லாமல் போனால் அந்தப் பக்கத்தை நான் கிழித்துத்தான் போட வேண்டும்.