வீட்டுக் கணினிக்கும் காவல் வேண்டும்

வாயிற் கதவைத் தாழிடாது உறங்கச் செல்வார் எவருமிலர். ஆயின், பிள்ளைகளின் பாடக்குறிப்புகளும் குடும்பப் படங்களும் நிறைந்த கணினியைக் காவலின்றி விட்டுவிடுகின்றோம்.

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணங் கேட்டது. பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவற்றிற் சிகிச்சைகள் தடைப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்குந் திருத்தத்தையோ, மைக்ரோசொப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது! அதனை ஏற்றாதிருந்த கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன.

ஆதலின், புதுப்பிக்குமாறு கணினி வேண்டும்போது, "பின்னர் பார்ப்போம்" எனத் தள்ளுதல் தகாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. அதனை வைத்திருப்போர் புதிய பதிப்புக்கு மாறுதல் நன்று.

கடவுச்சொல் நீண்டதாயும், கணக்குக்குக் கணக்கு வேறானதாயும் இருத்தல் வேண்டும். எங்குங் கொண்டு செல்லும் ரப்லட்டுக்குத் திரைப்பூட்டு இன்றியமையாதது. தொலைந்தால் இருக்குமிடத்தைக் காட்டும் வசதியையும் முன்னரே இயக்கிவைத்தல் வேண்டும். தொலைந்தபின் இயக்க இயலாதன்றோ?

இவை யாவற்றினும் மேலானது, முக்கிய கோப்புகளுக்குப் பிரதி எடுத்தல். வாரம் ஒருமுறை வெளி வன்தட்டொன்றிற் பிரதி எடுத்து, உடனே அதனைக் கழற்றிவைப்போமாக. இணைந்தபடியே இருப்பின் நச்சுநிரல் அதனையும் பூட்டிவிடும். கேட்ட பணத்தைக் கொடுத்தாலும் கோப்புகள் மீளுமென்பதற்கு உறுதியில்லை. பேழையில் இருக்கும் பிரதியோ நம் கையை விட்டுப் போகாது.