பழைய பதிப்புக்கு விடைகொடுக்கும் முறை

ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள், பிற நிறுவனங்களுக்கு விற்கும் பொருள்களுக்கு மின்னணு விலைப்பட்டியல் பெறுவது 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயம். புதுவாயல், கும்மிடிப்பூண்டி பகுதியின் நடுத்தரத் தொழிற்கூடங்களுக்கும் இது பொருந்தும். அரசுத் தளம் வழங்கும் பதிவெண் இல்லையெனில் அந்தப் பட்டியல் செல்லாது. நிறுவனத்தின் கணினியை இத்தகைய வெளிச் சேவைகளுடன் இணைப்பவை சிறு நிரல் தொகுப்புகள். பைத்தான் மொழியில் எழுதப்படும் தொகுப்புகளும் அவற்றில் உண்டு.

மொழிக்கும் ஆயுள் உண்டு. பைத்தான் 3 வெளியானது 2008-இல். பைத்தான் 2-க்கான ஆதரவு 2015-இல் முடிவதாக இருந்து, 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. இப்போது ஆண்டுக்கொரு பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 ஆண்டுகளே பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 2019-இல் வந்த 3.8 பதிப்பின் காலம் 2024 அக்டோபரில் முடிந்தது.

எல்லாப் பதிப்புகளுக்கும் சோதித்துத் தர எந்தத் தொகுப்பாளராலும் இயலாது. எனவே, பழையதைக் கைவிடுவது தவறன்று. கைவிடும் முறையே கேள்வி. முதலில், பழைய பதிப்பில் இயங்குவோருக்குச் சில மாதங்கள் முன்னதாகவே எச்சரிக்கை காட்ட வேண்டும். அடுத்து, எந்தப் பதிப்பு முதல் இயங்கும் என்பதைத் தொகுப்பின் விவரக் குறிப்பிலேயே அறிவிக்க வேண்டும். 2016-இல் வெளியான பிப் 9.0 முதல், நிறுவும் கருவி அக்குறிப்பைப் படித்து, பழைய கணினிக்குப் பொருந்தும் கடைசி வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கிறது. குறிப்பு இல்லாவிட்டால் புதிய வெளியீடு தடையின்றி நிறுவப்பட்டு, பட்டியல் அனுப்பும் வேளையில் முடங்கும்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்த பின்னரும் நம் ஏடிஎம்கள் பல அதிலேயே இயங்கின. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி, 2019 ஜூனுக்குள் நான்கு கட்டங்களாக அவற்றை மாற்ற வேண்டும் என்று கெடு விதித்தது. நாள் தெரிந்தால் செலவைத் திட்டமிடலாம்.

பொருளியல் நோக்கில், முன்னறிவிப்பின்றிக் கைவிடுவது ஒருவரின் சேமிப்பை இன்னொருவரின் இழப்பாக்குவதாகும். தனிக் கணினிப் பிரிவு வைத்துள்ள பெருநிறுவனம் சமாளித்துவிடும். சிறு தொழிற்கூடத்தின் சரக்கு வாயிலிலேயே நிற்கும். ஆனால், பொருந்தும் பழைய வெளியீடு கிடைப்பது தற்காலிக அவகாசம் மட்டுமே. அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. இயந்திரத்தின் தேய்மானத்துக்கு நிதி ஒதுக்கும் தொழில்முனைவோர், மென்பொருளின் தேய்மானத்துக்கும் ஒதுக்கத் தொடங்க வேண்டும்.