கணினியின் சேமிப்புக் குளமும் அதன் பிணக்குகளும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் வீதியில், வாவிக்கும் கடலுக்கும் இடையே எழுவான்கரையில் அமைந்த ஊர் தேற்றாத்தீவு. அதன் பெயர் தேற்றா மரத்தை நினைவூட்டுவது. அம்மரத்தின் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து, கலங்கிய நீரை ஊற்றி அசையாது வைத்தால், சேறு அடியிற் படிந்து நீர் தெளியும். கணினியின் சேமிப்புக் குளம் கலங்கும்போதும் முதலில் வேண்டப்படுவது அந்த அசையாமையே.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோள், இக்கரையோரத்தில் எத்தனையோ இல்லங்களின் புகைப்படங்களையும் காணி உறுதிகளையும் கொண்டு சென்றது. இன்று அத்தகைய ஆவணங்கள் பல, கணினியின் வன்தட்டுக்களில் உறைகின்றன. தட்டுக்கள் சிலவற்றை ஒன்றிணைத்து ஒரே கொள்ளிடமாக ஆள்வதே சேமிப்புக் குளம். 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். முறையும், 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த முறையும் இவ்வகையின.

பல வாய்க்கால்கள் ஒரு குளத்தை நிரப்புவது போன்றதே இது எனினும், உவமை ஓரளவே பொருந்தும். வாய்க்கால் நீருக்குப் பெயரில்லை, தட்டுக்கோ உண்டு. எக்குளத்தைச் சேர்ந்தது, அதில் தன் அடையாள எண் யாது என்பவற்றை ஒவ்வொரு தட்டும் தன்னகத்தே பொறித்து வைத்திருக்கிறது. இசட்.எஃப்.எஸ். இப்பொறிப்பைத் தட்டின் தொடக்கத்தில் இரண்டு, இறுதியில் இரண்டு என நான்கு படிகளாக இடுகிறது. மேலோட்டமாக அழித்த பழைய தட்டு, புதுக் கணினியிலும் பழைய உறவு கொண்டாடுவதற்குக் காரணம் இதுவே.

பிணக்கு பிறப்பதும் இவ்வடையாளங்களாலேயே. ஒரு தட்டை அப்படியே பிரதி செய்து இரண்டையும் ஒரே கணினியிற் பூட்டினால், இரண்டிற்கும் அடையாளம் ஒன்றாகிறது. விண்டோஸ் அவற்றுள் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடும். அதனை மீண்டும் இயக்கினால் புதிய அடையாளம் எழுதப்படும். ஆதலால் மூலம் எது, பிரதி எது என்று அறியுமுன் அதனைத் தொடலாகாது. விலை மலிந்த யு.எஸ்.பி. பெட்டிகள் சில, உள்ளிருக்கும் இரு தட்டுக்களுக்கும் ஒரே எண்ணை உரைக்கும். அப்போது குளத்திற்கு ஒரு தட்டே தென்படும். குற்றம் பெட்டியினுடையது, பழி தட்டின்மேல் விழுகிறது.

இந்நிலையில் கணினி, தட்டைப் புதிதாகத் தொடக்கலாமா என்று பணிவுடன் வினவும். அவ்வினாவிற்கு இசைந்து பல்லாண்டுச் சேமிப்பை இழந்தோர் பலர். எழுதுவதை உடனே நிறுத்தி, ஒவ்வொரு தட்டின் மேலும் அச்சிட்ட தொடரெண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வடங்களையும் மின்னூட்டத்தையும் சோதித்தல் அடுத்தது. பின் ஐயத்திற்குரிய பிரதியைக் கழற்றிவிட்டுக் குளத்தை வாசிப்பதற்கு மட்டும் திறந்து, உள்ளவற்றை வேறிடத்திற்குப் படியெடுக்க வேண்டும். திருத்தம் அதன் பின்னரே. இசட்.எஃப்.எஸ். முறையில் ஒரே பெயருடைய இரு குளங்கள் தோன்றினால், ஒன்றை அதன் எண்ணால் அழைத்து வேறு பெயர் சூட்டலாம். வேறொரு கணினி அக்குளத்தை ஆண்டுகொண்டிருக்கையில் வலிந்து திறப்பது மட்டும் ஆகாது. இருவர் ஒரே ஏட்டில் ஒருவர்மேல் ஒருவர் எழுதிய கதையாகிவிடும்.

குளத்திற்குள்ளேயே இரு தட்டுக்களில் ஒரே செய்தி இருப்பதைக் காப்புப்படி என்று கொள்வோரும் உளர். ஒன்றில் அழித்தது மற்றதிலும் அக்கணமே அழியும். தனிப்படி ஒன்று வேண்டும். அது தொலைவிலும் இருக்கவேண்டும். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி வாவியின் இரு கரைகளையும் தாக்கிற்று. எனவே படுவான்கரையிலுள்ள உறவினர் இல்லத்தினும், கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ளதோர் இல்லம் அப்படிக்கு ஏற்றது.